ஆவியாகிப் போன கணக்கு

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால் அமராவதி நகரை அடையலாம். ஆனைமலைத் தொடரின் அடிவாரம் அது. 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையும், 1962-இல் தொடங்கிய சைனிக் பள்ளியும், 1976-இல் அமைந்த முதலைப் பண்ணையும் அவ்வூரின் அடையாளங்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு வருவோர் முதலைகளைப் பார்த்துவிட்டு அணையின் மேல் ஏறி நீர்மட்டத்தைப் பார்ப்பர். அவர்களுள் ஆயக்கட்டு விவசாயி ஒருவர் இருந்துவிட்டால், அவர் மனத்தில் ஓடும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பயிர் கதிர் பிடிக்கும்வரை இந்தத் தண்ணீர் நிற்குமா?

கசிவை விட்டுவிட்டால், அணையிலிருந்து நீர் வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மதகு. எத்தனை கன அடி திறந்துவிட்டார்கள் என்பது மறுநாள் நாளிதழில் வந்துவிடும். மற்றொரு வழி மேலே, வானத்தை நோக்கியது. அந்த வழியில் போகும் நீரைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் மதிப்பீடாக இராது. பெரும்பாலும் புலம்பலாகவே இருக்கும். ‘பாதித் தண்ணீர் ஆவியாகவே போய்விடுகிறது’ என்று சொல்பவரை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

2017 ஏப்ரல் 21 அன்று தேனி மாவட்டத்து வைகை அணையில் இந்த இரண்டாவது வழியை அடைக்க ஒரு முயற்சி நடந்தது. தெர்மாகோல் அட்டைகளை ஒட்டுநாடாவால் ஒன்றோடொன்று இணைத்து நீரின்மீது மிதக்கவிட்டார்கள். அன்றைய கூட்டுறவுத்துறை அமைச்சர் செல்லூர் ராஜு அதனைத் தொடங்கிவைத்தார். காற்று வீசியது, அட்டைகள் கரை ஒதுங்கின. நாடே சிரித்தது.

நானும் சிரித்தவர்களுள் ஒருவன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. ஜூனில் கல்லூரி திறந்து, முதலாண்டு வகுப்பில் வெப்பவியல் நடத்தும்போது இதை வேடிக்கையாகக் குறிப்பிட்டேன். வகுப்பும் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். அமராவதிப் பாசனத்தில் நெல் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவர். “சார், காற்றே அடிக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், ஓர் அட்டை ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீரைக் காப்பாற்றியிருக்கும்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு லிட்டரா, நூறு லிட்டரா என்று உத்தேசமாகக்கூடச் சொல்ல இயலவில்லை. “அது பல காரணிகளைப் பொறுத்தது” என்று சொல்லிச் சமாளித்தேன். ஆசிரியர்களுக்கு ஆபத்தில் உதவும் வாக்கியம் அது! இக்கட்டுரை அம்மாணவருக்குக் காலம் கடந்து தரும் விடை. இயற்பியலில் முதுகலை முடித்த ஒருவனுக்கு அந்த விடை ஏன் கைவசம் இல்லாமற்போயிற்று என்பதைப் பற்றிய விமர்சனமும் ஆகும்.

நான்கு மதிப்பெண்

ஆவியாதலைப் பற்றி நாம் அனைவரும் பள்ளியில் படித்தது என்ன? ஆவியாதலின் வேகத்தைப் பாதிக்கும் காரணிகள் நான்கு: பரப்பு, வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம். பரப்பு மிகுந்தால் வேகம் மிகும். வெப்பநிலை மிகுந்தால் மிகும். ஈரப்பதம் மிகுந்தால் குறையும். காற்று மிகுந்தால் மிகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். துணி உலர்த்துவதை எடுத்துக்காட்டாக எழுதினால் விடைத்தாள் திருத்துபவர் மகிழ்வார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

‘வெப்பநிலை’ என்கிறோமே, எதன் வெப்பநிலை? காற்றினுடையதா, நீரினுடையதா? நான் புரட்டிப் பார்த்த கையேடுகள் பலவற்றில் இதற்கு விடை இல்லை, வினாவே இல்லை. நீரின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளுள் வேகம் மிக்கவையே பிற மூலக்கூறுகளின் ஈர்ப்பை மீறி வெளியேறுகின்றன. ஆகவே கணக்கில் வர வேண்டியது நீர்ப்பரப்பின் வெப்பநிலை. 20 டிகிரி செல்சியசில் நீரின் தெவிட்டிய ஆவியழுத்தம் 17.5 மி.மீ. பாதரசம். 30 டிகிரியில் 31.8. 40 டிகிரியில் 55.3. பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஏறுகிறது. ‘வெப்பநிலை மிகுந்தால் வேகம் மிகும்’ என்ற வாக்கியத்துக்குள் இத்தனை செய்தி அடங்கிக் கிடக்கிறது. அது மாணவர் கைக்கு வந்து சேர்வதே இல்லை.

ஈரப்பதத்தின் கதி இன்னும் மோசம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 100 விழுக்காடு ஆகிவிட்டால் ஆவியாதல் நின்றுவிடும் என்று நம் மாணவர்கள் தயங்காமல் எழுதுவார்கள். மார்கழி விடியலில் குளத்தின்மீதோ அணையின்மீதோ புகைபோல் மூடுபனி எழுவதைப் பார்த்திருப்பீர்கள். நீர் 24 டிகிரியிலும் அதன் மேலுள்ள காற்று 18 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். காற்று முழுவதும் தெவிட்டியே இருக்கட்டும். அதன் ஆவியழுத்தம் 15.5 மி.மீ. தான். நீர்ப்பரப்பின் ஆவியழுத்தமோ 22.4 மி.மீ. ஏழு மி.மீ. வேறுபாடு இருக்கிறது, நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அந்த ஆவிதான் குளிர்ந்த காற்றில் நுண்துளிகளாகிப் புகையாகத் தெரிகிறது. அடைமழை நாளில் உங்கள் கையிலுள்ள தேநீர்க் குவளையிலிருந்து ஆவி எழுவதற்கும் இதே காரணம். மாறாக, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த மோர்க் குவளையின் வெளிப்புறம், ஈரப்பதம் 50 விழுக்காடே உள்ள நாளிலும் வியர்க்கிறது. அங்கே ஆவி பின்னோக்கி நடக்கிறது.

ஆகவே ஈரப்பதம் தனித்து நிற்கும் காரணி அன்று. நீர்ப்பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் காற்றிலுள்ள ஆவியழுத்தத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடே ஆவியாதலை ஓட்டுகிறது. இங்கிலாந்து அறிஞர் ஜான் டால்டன் இதனை 1802-இலேயே கூறிவிட்டார். அணுக்கொள்கைக்காக நாம் கொண்டாடும் அதே டால்டன்தான். பட்டியலிலுள்ள நான்கில் இரண்டை ஒன்றாக இணைத்துவிட்டது அவர் கண்ட உண்மை. நாமோ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றைத் தனித்தனியே பிரித்து, தலைக்கு ஒரு மதிப்பெண் வழங்கிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலில் இல்லாதது

இவை சிறு குறைகள். பெருங்குறை இனிமேல்தான். அந்த நான்கு காரணிகளையும் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். நீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும் என்ற செய்தி அதில் எங்கேனும் இருக்கிறதா? வெப்பநிலை இருக்கிறது, வெப்பம் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்று வேறொரு பாடத்தில் வலியுறுத்திச் சொல்லிவிட்டு, இப்பாடத்தில் மறந்துவிடுகிறோம்.

சாதாரண வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. நீருக்குள்ளிருந்தோ, காற்றிலிருந்தோ, சூரியனிடமிருந்தோ அது வந்தாக வேண்டும். மண்பானையில் அது நீருக்குள்ளிருந்து வருகிறது. ஒரு லிட்டர் நீரை 10 டிகிரி குளிர்விக்க 10,000 கலோரியை வெளியேற்ற வேண்டும். 17 கிராம் நீர் கசிந்து ஆவியானாலே அது நடந்துவிடும் (வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வரவில்லை என்று கொண்டால்). பானை குளிர்வதைப் பாடத்தில் சொல்கிறோம். ஆனால் ‘ஆவியாதல் குளிர்ச்சியை விளைவிக்கும்’ என்று அதற்குத் தனித் தலைப்பு கொடுத்து ஒதுக்கிவிடுகிறோம். குளிர்ந்தால் ஆவியழுத்தம் குறையும். ஆகவே ஆவியாதல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வெப்பம் வந்து சேர்ந்தாலொழிய அது தொடர முடியாது. இந்த அடுத்த படிக்கு நாம் போவதில்லை. வேகத்தைப் பற்றிய பாடத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

அணைக்கு வருவோம். திறந்த நீர்த்தேக்கத்துக்கு வெப்பம் தரும் பெரிய வள்ளல் சூரியன். நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாக ஒரு சதுர செ.மீ. பரப்பின்மீது ஒரு நாளில் ஏறத்தாழ 450 கலோரி விழுகிறது. அது முழுவதையும் ஒரு கலோரிகூட வீணாக்காமல் ஆவியாதலுக்கே செலவிட்டாலும், 450-ஐ 580-ஆல் வகுத்தால் 0.78 கிராம். அதாவது 7.8 மி.மீ. ஆழமுள்ள நீர். இதுதான் உச்சவரம்பு. விழும் ஒளியில் சிறிது திரும்பிப் பிரதிபலிக்கிறது. நீர்ப்பரப்பு இரவும் பகலும் வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கிறது. காற்றுக்கும் கொஞ்சம் போகிறது. மீதியில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகிறது என்று கொண்டால் பெரிய தவறு நேராது. வறண்ட காற்று பக்கத்து நிலத்திலிருந்து வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கோடை நாட்களில் சற்று மிகும், மேகமூட்ட நாட்களில் குறையும், அவ்வளவுதான். 50 மி.மீ. ஆகவே ஆகாது. எந்தப் புயற்காற்றும் அதைச் சாதிக்க முடியாது. கொடுக்க வெப்பம் இல்லை.

டால்டனின் ஆவியழுத்த வேறுபாட்டையும் இந்த வெப்பக் கணக்கையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தவர் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்த ஹோவர்ட் பென்மன்; ஆண்டு 1948. பயிர்களின் நீர்த்தேவையை மதிப்பிட இன்று உலகெங்கும் பயன்படும் முறைகள் அவருடைய சமன்பாட்டிலிருந்து கிளைத்தவையே. சமன்பாட்டைப் பள்ளி மாணவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 450-ஐ 580-ஆல் வகுக்க எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.

இனி அமராவதி. நிரம்பியுள்ளபோது அதன் நீர்ப்பரப்பு 9.31 சதுர கிலோமீட்டர். நாளுக்கு 5 மி.மீ. என்றால் 46,550 கன மீட்டர்; நாலரைக் கோடி லிட்டருக்கும் மேல். கேட்கும்போது மலைப்பாக இருக்கிறது. பாசனத்துறை மொழியில் சொன்னால் விநாடிக்கு ஏறத்தாழ 19 கன அடி. அணையின் கொள்ளளவோ ஏறத்தாழ 400 கோடி கன அடி. ஒரு மாதம் முழுவதும் இப்படியே ஆவியானாலும் போவது 5 கோடி கன அடி. நூற்றில் ஒன்றேகால் பங்கு. ‘பாதித் தண்ணீர்’ என்ற பேச்சு இங்கே செல்லாது.

ஆனால் அதே 5 மி.மீ.யை ஊர்க்குளத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 100 நாளில் அரை மீட்டர் நீர் போகிறது. ஒன்றரை மீட்டர் ஆழமே நிற்கும் குளத்தில் அது மூன்றில் ஒரு பங்கு! ஓராண்டு முழுவதும் விட்டால் 1.8 மீட்டர், குளமே காலி. ஆழம் ஆவியாதலின் வேகத்தை மாற்றுவதில்லை. ஆகவே பட்டியலில் இடம்பெறவில்லை. ஆனால் நீரைத் தேக்கி வைப்பவனுக்கு அதைவிட முக்கியமான எண் வேறில்லை. தூர்ந்து ஆழம் குறைந்துபோன குளங்களில், வண்டல் படிந்த இடத்தின் அளவுக்கு மட்டும் நாம் நட்டப்படவில்லை. அதே கொள்ளளவை அகன்ற, ஆழமற்ற தாம்பாளத்தில் வைத்திருப்பதால் சூரியனுக்கும் தனியே வரி கட்டுகிறோம். குளத்தைத் தூர்வாருவதற்கு இயற்பியல் சொல்லும் காரணம் இது. இதை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

(ஆவியாதலை அளக்க வானிலை நிலையங்களில் 122 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத் தொட்டி வைத்திருப்பார்கள். அந்த அளவை அப்படியே அணையின் பரப்பால் பெருக்கிவிடுபவர்கள் உண்டு; அது தவறு. சிறிய தொட்டியின் உலோகப் பக்கங்களும் வெயிலில் காய்ந்து நீருக்கு வெப்பம் தருகின்றன. ஆகவே தொட்டியின் அளவை ஏறத்தாழ 0.7-ஆல் பெருக்கித்தான் ஏரியின் அளவைப் பெறுவார்கள். இங்கும் வித்தியாசத்தை உண்டாக்குவது வெப்ப வரவுதான்.)

அட்டையும் பந்தும்

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு விடை சொல்லலாம். ஒரு சதுர மீட்டர் தெர்மாகோல், தனக்குக் கீழுள்ள நீரை முற்றிலும் மூடி, ஒரு துளியும் போகவிடாமல் தடுத்தாலும் காப்பாற்றுவது நாளுக்கு 5 லிட்டர். ஒரு குடத்தில் பாதிகூட இல்லை. விநாடிக்கு ஒரே ஒரு கன அடி நீரை மிச்சப்படுத்த வேண்டுமானால் ஏறத்தாழ 120 ஏக்கர் பரப்பை மூடியாக வேண்டும்! வைகையில் காற்றே வீசாமல் இருந்திருந்தாலும் சில நூறு அட்டைகளால் ஆகப்போவது எதுவும் இல்லை என்பதை, அணைக்குப் புறப்படும் முன்பே ஒரு துண்டுக் காகிதத்தில் கண்டிருக்கலாம்.

எனவே நம் சிரிப்பும் தவறான இடத்தில் விழுந்தது. காற்று அடித்துச் சென்றதைப் பார்த்துச் சிரித்தோம். மூடிவைத்தால் ஆவியாதல் குறையும் என்ற கருத்தே அறிவீனம் என்பதுபோலப் பேசினோம். கருத்தில் பிழை இல்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் குடிநீர்த் தேக்கமொன்றில் 2015 ஆகஸ்டில் 9.6 கோடி கறுப்பு நெகிழிப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். சூரிய ஒளியால் நீரில் புரோமேட் என்ற தீய பொருள் உண்டாவதைத் தடுப்பது முதல் நோக்கம். ஆவியாதல் குறைவது கூடுதல் இலாபம். அப்பந்துகள் காற்றில் பறக்கவில்லை. ஏன்? ஒவ்வொரு பந்துக்குள்ளும் சிறிது நீர் நிரப்பி எடை கூட்டியிருந்தார்கள். 2.5 செ.மீ. தடிமனுள்ள தெர்மாகோலோ சதுர மீட்டருக்கு அரைக் கிலோகூட இராது; நீருக்குள் அமிழாமல் நீரின்மேல் உட்கார்ந்திருக்கும். காற்றுக்கு அதைவிட வசதியான பாய் வேறென்ன வேண்டும்?

பந்துகளின் கதையிலும் ஒரு திருப்பம் உண்டு. அந்த நெகிழியை உற்பத்தி செய்யச் செலவான நீரையும் கணக்கில் சேர்த்தால், வறட்சிக் காலத்தில் பந்துகள் மிச்சப்படுத்தியதைவிட அவை குடித்த நீரே அதிகம் என்று 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நல்ல கருத்தும் கணக்கில் தோற்கலாம். குஜராத்தில் மெக்சானா மாவட்டத்துச் சந்திராசன் கிராமத்தில் 2012-இல் நர்மதைக் கிளைக் கால்வாயின்மீது 750 மீட்டர் நீளத்துக்குச் சூரிய மின்தகடுகளைக் கூரையாக அமைத்தார்கள். அங்கே மிச்சமாகும் நீர் உபரி வரவு. மின்சாரமே முதல் வரவு. அதனால் கணக்கு வேறாகிறது. இவற்றை எடைபோட்டு எது நம் ஊருக்குப் பொருந்தும் என்று சொல்ல வேண்டிய இடத்தில், நம்மிடம் இருந்தது நான்கு வரிப் பட்டியலும் ஒரு நகைச்சுவையும்தான்.

கொடியில் காயும் துணி

‘காற்று மிகுந்தால் வேகம் மிகும்’ என்ற வரியையும் சோதிப்போம். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று உடுமலை, பல்லடம் வட்டாரத்தை உலுக்குகிறது. இங்குள்ள காற்றாலைகள் அதை நம்பி எழுந்தவையே. கொடியில் போட்ட ஈரத்துணி அக்காற்றில் விரைவாகக் காய்ந்துவிடும். திருப்பூரில் பட்டறைகளிலிருந்து வந்த ஈரப் பனியன் துணியை வெட்டவெளியில் கொடி கட்டி உலர்த்திய காலமும் உண்டு. அதே காற்று அணையின் நீரையும் அதே விகிதத்தில் வற்றச் செய்யுமா?

செய்யாது. துணி மெல்லியது, இருபுறமும் காற்றுக்குத் திறந்திருப்பது, அதிலுள்ள நீரும் கொஞ்சம். தன்னைக் கடந்து ஓடும் காற்றிடமிருந்தே வேண்டிய வெப்பத்தைப் பெற்றுக்கொள்கிறது. நிழலில் போட்ட துணியும் காற்றில் காய்வது இதனால்தான். ஆழ்ந்த அணையின் முன் காற்றின் வெப்ப வரவு சிறிது; சூரியனே பெரிது. காற்று இரட்டித்தால் ஈரக்காற்றை விரைவாக அகற்றும். உடனே நீர்ப்பரப்பு சற்றுக் குளிரும். ஆவியழுத்த வேறுபாடு சுருங்கும். ஆவியாதல் மறுபடி ஏறத்தாழ சூரியன் அனுமதிக்கும் அளவுக்கே வந்து நிற்கும். ஆடிக் காற்றோடு மேகமும் சேர்ந்து வந்தால் ஆவியாதல் குறையவே கூடும். துணியை எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டு அணையைப் பற்றிக் கேள்வி கேட்பது நியாயமன்று.

துணியைப் பற்றி இன்னொரு செய்தி. பருத்தி ஒருநாளும் முற்றிலும் காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தோடு அது கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும். நூல் வணிகத்தில், உலர்ந்த பருத்தியின் எடையில் 8.5 விழுக்காடு ஈரம் இருக்கலாம் என்பது ஒப்புக்கொண்ட அளவு. அதற்குமேல் இருந்தால் வாங்குபவர் தண்ணீரை நூல் விலைக்கு வாங்குகிறார் என்று பொருள். நம் வட்டாரத்து மாணவர்களுக்கு ஈரப்பதத்தைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி உண்டா?

சாயநீர்

அணையில் ஆவியாதல் குறைய வேண்டும் என்கிறோம். சாயப்பட்டறையில் அது மிக வேண்டும் என்று தவம் கிடக்கிறார்கள். திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அங்கேயும் ஆவியாதல் தன் வேலையைச் செய்தது. நீர் மட்டும் ஆவியாகும், உப்பு பின்தங்கும். ஒவ்வொரு நாளும் மேலே போனது தூய நீர். கீழே நின்றது முன்னைவிட உப்பான நீர். 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்பது நிபந்தனை.

எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் பெரும்பகுதி நீரைத் தூய்மையாக்கி மீண்டும் சாயம் போடப் பயன்படுத்தலாம். எஞ்சும் உப்புக்கரைசலை என்ன செய்வது? வெயிலில் பாத்தி கட்டி வற்றவிடலாமே என்பது எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம்; நான்கு காரணிகளும் அதற்குச் சாதகமாகவே தெரியும். நம் 5 மி.மீ.யைக் கொண்டுவருவோம். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் வற்ற வேண்டுமானால் 20,000 சதுர மீட்டர், அதாவது 5 ஏக்கர் பாத்தி வேண்டும். அதுவும் நல்ல நீருக்குத்தான். உப்பு கரைந்த நீரின் ஆவியழுத்தம் குறைவு. சாதாரண உப்பின் தெவிட்டிய கரைசல், காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் ஆவியாவதை நிறுத்தி, காற்றிலிருந்து ஈரத்தை வாங்கவே தொடங்கிவிடும் (இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால்). ஐப்பசி இரவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் பாத்தி நிரம்பும். ‘கரைந்துள்ள உப்பு’ என்ற காரணியும் பள்ளிப் பட்டியலில் இல்லை. சாயப்பட்டறைகள் சூழ்ந்த மாவட்டத்தின் பள்ளிகளிலும் இல்லை.

ஆகவே கரைசலைக் கலங்களில் கொதிக்கவைக்கிறார்கள். ஒரு லட்சம் லிட்டரை ஆவியாக்க ஏறத்தாழ 67,000 மின்சார யூனிட்டுக்கு ஈடான வெப்பம் வேண்டும். யாரால் கட்டுப்படியாகும்? இங்கே ஒரு நுட்பம் கைகொடுக்கிறது. ஆவி நீராக மாறும்போது, வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. முதற்கலத்திலிருந்து வரும் ஆவியை இரண்டாவது கலத்தைச் சூடாக்கப் பயன்படுத்தி, அக்கலத்தில் அழுத்தத்தைக் குறைத்துவைத்தால், கரைசல் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். அதன் ஆவி மூன்றாவது கலத்துக்கு. இப்படி நான்கு கலங்கள் இருந்தால் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். இதை அமைத்துக் காட்டி 1843-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த நார்பர்ட் ரில்லியூ. கரும்புச் சாற்றைக் காய்ச்சுவதற்காக. மடத்துக்குளம் அருகே கிருஷ்ணாபுரத்தில் அமராவதிக் கரும்புக்காக எழுந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போன்றவற்றுக்கு உரிய அந்த நுட்பமே சாயநீருக்கும் வந்து சேர்ந்தது. உப்பைத் திரும்ப எடுக்க முடிகிறது. பாய்லருக்கு விறகும் நிலக்கரியும் எரிகின்றன. நொய்யலைக் காக்கும் செலவில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே போகிறது என்பதையும் இந்தக் கலோரிக் கணக்குத் தெரிந்தவரே எடைபோட முடியும்.

என் கோரிக்கை பெரிதன்று. நான்கு காரணிகளை நீக்க வேண்டாம். அவற்றோடு 580 என்ற எண்ணையும் 5 மி.மீ. என்ற அளவையும் சேர்க்கலாம். ‘காரணிகளை எழுதுக’ என்பதற்குப் பதில் ‘உங்கள் ஊர்க் குளத்தில் சித்திரை மாதம் எவ்வளவு நீர் குறையும்? மதிப்பிடுக’ என்று கேட்கலாம். விடைகள் ஒன்றுபோல் இரா, திருத்துபவருக்குச் சிரமம்தான். எனக்கும் அந்தச் சிரமம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டிலேயே தொடங்கலாம். ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. குறுக்களவு என்றால் பரப்பு 314 சதுர செ.மீ.; 157 மி.லி. ஊற்றினால் சரியாக 5 மி.மீ. ஆழம் நிற்கும். முதல் தட்டை வெயிலில் காற்றுப்படாமல் வையுங்கள். இரண்டாவதை நிழலில் மின்விசிறியின் கீழே. மூன்றாவதில் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து முதல் தட்டின் பக்கத்தில். மாலையில் மீதியை அளவுக்குவளையில் ஊற்றி அளந்து எழுதிவையுங்கள். முதல் தட்டில் ஐந்து மி.மீ.க்கு மேலும் வற்றக்கூடும். தட்டின் உலோகம் சூடேறுவதை மறக்க வேண்டாம். மாடியின் சுடுதளத்தில் வைக்காமல் ஒரு பலகையின்மீது வைத்துப் பார்த்தால் எண் மாறும். மூன்றாவது தட்டை மட்டும் மழைக்காலத்தில் மறுபடி ஊற்றி, இரவு முழுவதும் மழை படாத இடத்தில் விட்டு, விடிந்ததும் எடை போடுங்கள்.